வறண்ட மண்ணில் வளரும் தர்மம்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



மரம் நடுவது தர்மம் என்பதை நாம் சிறு பிராயத்தில் மதரஸாப் பாயில் அமர்ந்தே கேட்டறிந்திருக்கிறோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரும் பறவையும் கால்நடையும் உண்பதெல்லாம் அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்துள்ள நபிமொழி, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம் பெற்றிருக்கிறது. கியாமத் நாள் வந்துவிட்ட நேரத்திலும் ஒருவர் கையில் ஒரு கன்று இருந்து, அதை நட அவரால் முடியுமாயின் நட்டுவிட வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததாகவும் ஹதீஸ் உண்டு. ஆகவே, மரம் நடலாமா என்பது நமக்குக் கேள்வியன்று. எந்த மண்ணில் எந்த மரத்தை நடுவது? அதற்கு ஊற்றும் தண்ணீர் யாருடைய தண்ணீர்? இவையே இன்று நாம் சிந்திக்க வேண்டியவை.

நாம் ஆலிம்கள் அல்லர். கல்லாவில் அமர்ந்து கணக்குப் பார்ப்பவர்கள். ஆகவே இதனையும் வரவு செலவாகவே பார்ப்போம்.

நாம் தொழில் செய்யும் இந்தப் பூமி மழைப் பூமி. சிங்கப்பூரில் ஆண்டொன்றுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. மழையில்லாத மாதமென்று பெரும்பாலும் இல்லை. வேலியில் ஒரு குச்சியை ஊன்றினால் அதுவும் துளிர்க்கிறது. நம்மில் பலருடைய பூர்வீகமோ இராமநாதபுரம் சீமையின் கடற்கரை. கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று நம் பாட்டனார்கள் கப்பலேறிய ஊர்கள் அவை. அங்கே ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர்தான். அதிலும் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் உப்புக் காற்றும்தான் மிகுதி.

இப்படிப்பட்ட ஊரில்தான் சபராளியான நாம் வீடு கட்டுகிறோம். ஆயுள் முழுவதும் உழைத்த காசு. அழகாகக் கட்டுவதில் தவறில்லை. ஆனால், இங்கே பங்களாக்களின் முன்னால் பார்த்த பச்சைப் புல்தரையும், அகன்ற இலைக் குரோட்டன்ஸ் செடிகளும், வாழையும் கமுகும் அங்கேயும் வேண்டுமென்று நம்மில் சிலர் ஆசைப்படுகிறோம். ஆழ்குழாய்க் கிணறு இறக்குகிறோம், மோட்டார் வைக்கிறோம். நாம் இங்கே இருக்கிறோம். காவலாளி ஒருவர் காலையும் மாலையும் மோட்டாரைப் போட்டு வெறும் வீட்டின் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். அதே தெருவில் நம் சாச்சியும் மாமியும் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு குழாயடிக்கு நடக்கிறார்கள். தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கிறார்கள். அல்லாஹ்வுடைய சந்நிதியில் இந்தப் பச்சைத் தோட்டம் எந்தப் பத்தியில் எழுதப்படும்? வரவிலா, கடனிலா?

திருக்குர்ஆனில் அல்முஃமினூன் அத்தியாயம், 18-ஆம் வசனத்தின் கருத்தைப் பாருங்கள். வானிலிருந்து ஓர் அளவுப்படி நீரை இறக்கி, அதனைப் பூமியில் தங்க வைத்ததாகவும், அதனைப் போக்கிவிடவும் தான் ஆற்றலுடையவன் என்றும் இறைவன் அறிவிக்கின்றான். இரவு தோறும் நாம் ஓதும் தபாரக்க சூராவின் கடைசி வசனமோ, உங்கள் நீர் பூமிக்குள் போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டு வருபவர் யார் என்ற கருத்தில் நம்மைக் கேள்வி கேட்டே முடிகிறது. ஓதிவிட்டுத் தூங்கிவிடுகிறோம். கேள்விக்கு விடை சொன்னோமா?

‘அளவுப்படி’ என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறான். கடற்கரை மண்ணில் மழைநீர் ஊறி இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின் மேல் ஒரு போர்வை போல மிதந்து நிற்கிறது. அந்தப் போர்வைதான் நம் ஊர்க் கிணற்றின் நன்னீர். மேலே நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உப்பு நீர் ஏறக்குறைய நாற்பது அடி வரை மேலேறக்கூடும் என்பது நிலத்தடி நீர் அறிந்தோரின் கணக்கு. நன்னீர் எடையில் குறைந்தது, கடல்நீர் எடை கூடியது என்பதே அதற்குக் காரணம். அளவை மீறி நாம் இறைக்கும்போது நம் கிணறு மட்டும் உப்பாவதில்லை. அடுத்த வீட்டு விதவையின் கிணறும் சேர்ந்து உப்பாகிறது. உப்பேறிய கிணறு மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் மார்க்கம் மிகக் கண்டிப்பாக இருக்கிறது. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்பது அபூதாவூதில் உள்ள நபிமொழியின் கருத்து. தேவைக்கு மிஞ்சிய தண்ணீரைத் தடுத்து வைக்கக் கூடாதென்பதும் பெருமானாரின் கட்டளை. ஜுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரித் தோழர் ஒருவருக்கும் பேரீச்சந் தோட்டத்து வாய்க்கால் நீர் பற்றி வழக்கு வந்தபோது, நீ பாய்ச்சிக்கொண்டு அடுத்தவருக்கு விட்டுவிடு என்றுதான் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் தீர்ப்பளித்தார்கள். மேலே இருப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. வாய்க்காலுக்குச் சொன்னது நிலத்தடி நீருக்கும் பொருந்தாதா? மோட்டாரின் குதிரைத் திறன் கூடியவர், கண்ணுக்குத் தெரியாத வாய்க்காலில் மேல் மடைக்காரர் ஆகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

உதுமான் (ரலி) அவர்கள் நம்மைப் போல் வணிகர். மதீனாவில் ரூமாக் கிணற்றைத் தம் பொருளால் வாங்கி முஸ்லிம்கள் அனைவரும் குடிக்கும்படி விட்டார்கள். தண்ணீரில் பணம் போட்டு இலாபம் கண்ட வணிகர் அவர்.

இப்பொழுது பேரேட்டைத் திறப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். கோடையில் அங்கே புல்தரை பச்சையாக நிற்க நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்காவது நீர் வேண்டும். ஆக, நூறு சதுர மீட்டர் புல்லுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு லிட்டர். குடக் கணக்கில் முப்பது குடத்துக்கு மேல். ஆடு மாடு கூட மேயாத புல்லுக்கு இந்தச் செலவு! மறுபக்கம் வரவைப் பாருங்கள். நூறு சதுர மீட்டர் மாடியில் ஓராண்டில் விழும் 800 மில்லிமீட்டர் மழை எண்பதாயிரம் லிட்டர். சிந்தியது, ஆவியானது போக எஞ்சியதைக் குழாய் வழியே கூழாங்கல் நிரப்பிய குழிக்குள் இறக்கினால், அது நிலத்தடிக்கு நாம் கட்டும் வைப்புத் தொகை. 2003-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. குழாய் வைத்திருக்கிறோம், அது அடைத்துக் கிடக்கிறதா என்று கேட்டிருக்கிறோமா?

ஷரீஅத்தின் கணக்கிலும் இந்த வேறுபாடு உண்டு. வானமும் ஊற்றும் தாமே ஊட்டிய விளைச்சலுக்கு ஜக்காத் பத்தில் ஒன்று. நீர் இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. இறைப்பவருக்கு ஏற்படும் சுமையை மார்க்கம் உணர்ந்து விட்டுக்கொடுத்திருக்கிறது. ஆயினும் இதில் வியாபாரிக்கு ஒரு பாடம் இருக்கிறது. மழையை நம்பி வளரும் மரம் ஏழைக்கு இரட்டைப் பங்கு தரும் மரம்.

அத்தகைய மரங்கள் நம் மண்ணில் இல்லையா? பனை இருக்கிறது. மதீனாவுக்குப் பேரீச்சை எப்படியோ நம் கரைக்குப் பனை அப்படி. பேரீச்சைக்கு அடியில் ஈரமும் மேலே வறட்சியும் வேண்டும். பழுக்கும் வேளையில் மழை ஆகாது. பனைக்கோ ஒரு குடம் தண்ணீரும் நாம் ஊற்ற வேண்டியதில்லை. நுங்கு, பதநீர், கருப்பட்டி, ஓலை, கிழங்கு, உத்தரம் என்று அனைத்தும் தரும். பலனுக்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டோ அதற்கு மேலோ பிடிக்கும். நட்டவர் காண்பது அரிது, பேரன் காண்பான். ஸதகத்துல் ஜாரியாவுக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

வேம்பு இருக்கிறது. நம் ஊர்த் திண்ணைக்கு நிழல் தரும் அதே வேம்பு, அரபாத் பெருவெளியில் ஹாஜிகளுக்காகச் சுமார் 50,000 மரங்களாக நடப்பட்டிருக்கிறது. ஹஜ்ஜுக்குச் சென்று அந்த நிழலில் துஆக் கேட்டு வந்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்த நிழல் அருமையென்று தெரிந்த நமக்கு, சொந்த வாசலில் நின்ற வேம்பை வெட்டிவிட்டுச் சிமெண்டுத் தளம் போட மனம் வரலாமா?

இலந்தை இருக்கிறது. அதன் பழம் பிள்ளைகளுக்கு. அதன் இலையோ நம் கடைசிக் குளிப்புக்கு. முருங்கை இருக்கிறது, ஒரு போத்தை ஊன்றினால் கீரையும் காயும் அண்டை வீட்டுக்கும் போகும். திருமறையில் சொல்லப்பட்ட மாதுளை, வறண்ட நிலத்திலும் பழுக்கும். சீத்தாவும் நெல்லியும் புளியும் அப்படியே. கடலோர மணலுக்குப் பூவரசும் புன்னையும் ஏற்றவை. வேலிக்கு மருதாணியைப் போல் வேறில்லை. கத்தரிக்கக் கத்தரிக்க அடரும், பெருநாள் இரவில் தெருப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் கை சிவக்கும். கற்றாழைக்கு மூலையில் ஓரிடம் போதும். பூ வேண்டுமென்றால் காகிதப்பூ இருக்கிறது. சிங்கப்பூரின் நடைபாலங்களில் தொட்டி தொட்டியாகப் பூத்துத் தொங்குவது அதுதான். வேர் நெருக்கப்பட்டு, நீர் குறையும்போதுதான் அது அதிகம் பூக்கிறது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் இலைதான் மிஞ்சும். சபுர் என்னும் பொறுமைக்கு அல்லாஹ் ஒரு செடியில் வைத்த பாடம் இது. அரளியும் வறட்சியைத் தாங்கிப் பூக்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பிள்ளைகளும் ஆடுகளும் நடமாடும் இடத்தில் வேண்டாம்.

வறட்சியைத் தாங்கும் என்பது ஒன்றே போதுமென்றும் எண்ணிவிட வேண்டாம். சீமைக் கருவேலும் தாங்கும். வெளிநாட்டிலிருந்து வந்த அந்த முள்மரம் விறகும் கரியும் தந்து ஏழைகளின் அடுப்பை எரித்தது உண்மை. ஆயினும் கண்மாயையும் ஊருணிக் கரையையும் அடைத்துக்கொண்டு, வேறு செடிக்கு இடமில்லாமல் செய்துவிட்டதைச் சீமை முழுவதும் காண்கிறோம். தான் பிழைப்பதற்காகப் பிறரை வாழவிடாத மரம் அது. மனிதரிலும் அப்படி உண்டு, வணிகரிலும் உண்டு. அண்டையாருடன் சேர்ந்து வாழும் மரத்தையே தேர்ந்தெடுப்போம்.

இனி, நடும் முறை. ஊரிலுள்ள உறவினருக்கு எழுதும்போது இவற்றையும் எழுதுங்கள். புரட்டாசியில் குழி வெட்டி வைக்க வேண்டும். இரண்டடி முதல் மூன்றடி ஆழம். மேல்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பி, முதல் நல்ல மழை பெய்ததும் நட வேண்டும். மூன்று மாத மழையில் வேர் இறங்கிவிட்டால் கோடையைச் சமாளிக்கும். சித்திரையில் லீவுக்குப் போகிறோம் என்பதற்காகச் சித்திரையில் நடுவது கன்றைக் கொல்வதாகும். பனங்கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும்; பிடுங்கி நட்டால் பிழைப்பது கடினம்.

தண்ணீரைத் தினமும் தெளிப்பதைவிட, சில நாளுக்கு ஒருமுறை ஆழ ஊற வைப்பதே நலம். நீர் மேலே நின்றால் வேரும் மேலேயே நிற்கும். நீர் கீழே போனால் வேரும் தேடிப் போகும். கன்றின் அருகே பூச்சில்லாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, கொசு புகாதபடி மூடி வைத்தால் அது கொஞ்சங் கொஞ்சமாகக் கசிந்து வேருக்குப் போகும், வெயில் குடிக்காது. அடியில் சருகும் தேங்காய் மட்டையும் பரப்பினால் ஈரம் காக்கும். இப்படி முதல் இரண்டு கோடைகள் பேணினால் போதும். பிறகு பெரும்பாலான மரங்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். நித்தம் கடன் வாங்கி நடத்தும் கடைக்கும், சொந்த முதலில் நிற்கும் கடைக்கும் உள்ள வேறுபாடுதான் புல்லுக்கும் வேம்புக்கும் உள்ளது.

பள்ளிவாசல்களில் ஒளுச் செய்யும் நீரை நினைத்துப் பாருங்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளுச் செய்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே ஒளுச் செய்யும் நமக்கு எத்தனை முத்து ஆகிறது? அதனை அளவாக்குவது முதற் கடமை. ஓடிப் போகும் நீரைச் சாக்கடைக்கு விடாமல் பள்ளி வளாகத்து மரங்களின் பாத்திக்குத் திருப்புவது இரண்டாவது.

மழை நாட்டில் இருக்கும் நமக்கென்ன என்று யாரும் எண்ண வேண்டாம். இதே சிங்கப்பூரில் 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை பத்து மாதங்கள் தண்ணீருக்குப் பங்கீடு இருந்தது. மழை கொடுப்பவனும் நிறுத்துபவனும் ஒருவனே.

சகோதரர்களே! ஸல்மான் பாரிசி (ரலி) அவர்களுடைய வரலாறு முஸ்னது அஹ்மதில் வருகிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட 300 பேரீச்சங் கன்றுகளை நட்டுத் தர வேண்டுமென்பது அன்னாருக்கு விதிக்கப்பட்ட ஈட்டுத் தொகையில் ஒரு பகுதி. தோழர்கள் ஒருவர் முப்பது, ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து, ஒருவர் பத்து என்று தத்தம் சக்திக்கேற்பக் கன்றுகள் கொடுத்தார்கள். குழிகளை வெட்டித் தயாராக வைத்த பின்னர், நாயகம் (ஸல்) அவர்கள் வந்து தம் திருக்கரத்தால் நட்டார்கள். ஒரு கன்றும் பட்டுப் போகவில்லை. ஒரு மனிதருடைய விடுதலை ஒரு தோப்பாக நின்றது. சந்தா எழுதும் நம் சங்கங்களுக்கு இதைவிட முன்மாதிரி எது?

நாமும் அவ்வாறே செய்யலாம். ஊர் ஜமாஅத்தாரின் அனுமதியுடன், கபர்ஸ்தான் ஓரத்திலும் ஊருணிக் கரையிலும் பள்ளி வளாகத்திலும் நடுவதற்கு, முப்பது தர முடிந்தவர் முப்பது, ஒன்று தர முடிந்தவர் ஒன்று என்று எழுதுவோம். கன்றின் விலையோடு நின்றுவிடாமல், இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றிப் பேணும் ஆளுக்குக் கூலியையும் சேர்த்து எழுதுவோம். வியர்வை உலருமுன் அது அவர் கைக்குப் போய்ச் சேரட்டும். கன்று நட்ட அன்று போட்டோ எடுப்பதைவிட, மூன்றாம் ஆண்டு எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே உண்மைக் கணக்கு. நம் வீட்டுப் புல்தரைக்குப் பதிலாக வேம்பும் மாதுளையும் மருதாணியும் வைப்போம். மிஞ்சும் தண்ணீருக்குத் தெருவோரம் ஒரு குழாய் வைப்போம்.

அபூதல்ஹா (ரலி) அவர்களுக்கு மதீனாவில் மிகப் பிரியமான தோட்டம் பைருஹா. அதன் இனிய நீரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அருந்துவது உண்டு. நேசிப்பதிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாதென்ற கருத்துள்ள வசனம் இறங்கியதும், அன்னார் அந்தத் தோட்டத்தையே கொடுத்துவிட்டார்கள். அதனை உறவினர்களுக்குப் பங்கிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். நம் உறவினர் இன்று நம்மிடம் தோட்டம் கேட்கவில்லை. அவர்கள் கிணறு உப்பாகாமல் இருந்தால் போதும் என்கிறார்கள்.

இறைவா! விவசாயமற்ற பள்ளத்தாக்கில் தம் மக்களைக் குடியமர்த்தி, அவர்களுக்குக் கனிகளைக் கேட்ட இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவை ஏற்றதைப் போல், எங்கள் வறண்ட ஊர்களுக்கும் அருள் புரிவாயாக! நீ அளந்து தந்த நீரை அளந்து செலவிடும் புத்தியை எங்களுக்குத் தருவாயாக! நாங்கள் மண்ணுக்குள் போன பின்னும் எங்கள் பெயரில் நிழல் தரும் மரங்களை நிலைக்கச் செய்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.